கடலுக்கு முன்னால் சில படிகள்

கொல்கத்தாவுக்குக் கடல் கிடையாது. வங்காளத்தின் பெயரைச் சுமக்கும் விரிகுடா நகரத்தை விட்டு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. ஆனாலும் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஹூக்ளி நதி வழியாகத் தினமும் இரண்டு முறை ஊருக்குள் வந்து போகின்றன. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கொல்கத்தா போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான். தங்குமிடம், டாக்சி எல்லாம் பிறகு.

ஹூக்ளிக் கரையின் பாபுகாட் படகுத்துறையில் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஆற்றின் மேல் மிதக்கும் இரும்பு மேடையில்தான் படகு வந்து அணையும். கரையையும் அந்த மேடையையும் ஓர் இரும்புப் பாலம் இணைக்கிறது. ஆறு நிரம்பி நிற்கும்போது பாலம் ஏறக்குறைய மட்டமாக இருக்கும். தண்ணீர் வற்ற வற்ற மேடை கீழே இறங்கும், பாலமும் கூடவே சரியும். நன்றாக வற்றிய நேரத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்களே ஒரு கணம் யோசிப்பார்கள். நானும் அக்காவும் போய் நின்றது அப்படியொரு நேரம்.

அக்காவுக்குக் குழந்தைப் பருவத்தில் போலியோ வந்தது. பல வருடம் காலைத் தாங்கும் காலிபர் கருவி மாட்டி நடந்தாள். ஐம்பதைத் தாண்டியதும் தோள் ஒத்துழைக்கவில்லை, நாற்காலிக்கு மாறினாள். பாலத்தின் தலைப்பில் எங்களைப் பார்த்ததும் படகுத்துறையில் இருந்த இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக நாற்காலியைத் தூக்கிவிடலாம் என்று கையைக் காட்டினார்கள். முகத்தில் அப்படியொரு பிரியம். கொல்கத்தாவில் உதவி கேட்க வேண்டியதே இல்லை, கேட்பதற்கு முன்பே வந்துவிடுகிறது. அக்கா சிரித்தபடியே தலையை ஆட்டி மறுத்தாள்.

"தூக்க வேணாம்னு சொல்லுடா. எப்போ மட்டமா இருக்கும்னு மட்டும் கேளு."

கேட்டேன். "ஜோயாரில் வாங்க தீதி, காலையில்" என்றார் பெரியவர். ஜோயார் என்றால் தண்ணீர் ஏறும் நேரம். மறுநாள் காலை அதே பாலத்தில் அக்கா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் ஏறினாள். நேற்றைய பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடவே நடந்து வந்தார், தொடவில்லை. அக்கா என்ன கேட்டாள் என்பதை அவர் ஒரே நாளில் புரிந்துகொண்டார்.

தூக்கிவிடுவது நம் நாட்டில் எல்லாவற்றுக்கும் மருந்தாக இருக்கிறது. கோயிலா, நாலு பேர் தூக்குவார்கள். ரயிலா, நாலு பேர் தூக்குவார்கள். அன்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தூக்கப்படுகிறவர் ஒவ்வொரு முறையும் தன் உடம்பை அந்நியர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. எப்போது போவது, எப்போது திரும்புவது என்பதை மற்றவர்கள் தீர்மானிக்கிறார்கள். முதுகெலும்பில் அடிபட்டவரைத் தவறாகத் தூக்கினால் காயம் ஏற்படவும் வாய்ப்புண்டு. சரிவுப் பாதை கேட்பது சொகுசு கேட்பதாகாது.

எங்களை இறக்கிவிட்ட ஹவுரா மெயில் கடந்து வந்த மண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் கடைசியாகக் காட்டுப் போலியோ வைரஸ் தாக்கியது இந்த ஹவுரா மாவட்டத்தில், பாஞ்சலா பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தையை. 2011 ஜனவரி 13. அதற்குப் பிறகு ஒருவர்கூட இல்லை. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனம் நம் பிராந்தியத்தையே போலியோ இல்லாத பகுதியாக அறிவித்தது. அக்காவின் தலைமுறைக்குக் கிடைக்காதது அடுத்த தலைமுறைக்குக் கிடைத்துவிட்டது. நோயை ஒழித்த நாடு, அந்த நோயோடு ஏற்கெனவே வாழ்கிறவர்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதுதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

ஹவுரா நிலையத்தில் ஒரு பழைய வசதி இன்னும் இருக்கிறது. கார்கள் பிளாட்பாரத்தை ஒட்டியே உள்ளே வந்து நிற்க முடியும். மாற்றுத்திறனாளிகளை நினைத்துப் போட்ட சாலை அல்ல அது. துரைமார்களின் பெட்டி படுக்கைகளுக்காக வந்த ஏற்பாடாக இருக்க வேண்டும். ஆனால் நாற்காலியில் வருகிறவருக்கு இந்தியாவின் பெரிய நிலையங்களில் இப்படி ஒரு வழி கிடைப்பது அபூர்வம். நிலையத்துக்குக் கீழேயே மெட்ரோ இருக்கிறது. ஹவுரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரையிலான இந்தத் தடம் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. ஹூக்ளிக்கு அடியில் சுமார் 520 மீட்டர் சுரங்கம். லிஃப்டில் இறங்கி, இடறாமல் பெட்டிக்குள் நுழைந்து, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஆற்றைக் கடந்துவிட்டோம். 1984-இல் ஓடத் தொடங்கிய இந்தியாவின் முதல் மெட்ரோவும் இதே ஊரில்தான் இருக்கிறது. அந்தப் பழைய தடம் கட்டப்பட்டபோது லிஃப்ட் பற்றி யாரும் யோசிக்கவில்லை. நாற்பது வருடத்தில் சிந்தனை மாறியிருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு தடங்களுமே சாட்சி.

ஆக, ஆற்றுக்கு அடியில் போக முடிகிறது. ஆற்றைத் தொடத்தான் முடியவில்லை.

கொல்கத்தாவின் ஆற்றங்கரை முழுக்கப் படித்துறைகள். காட் என்றாலே படி. பாபுகாட் 1830-இல் கட்டப்பட்டது, ராணி ராஸ்மணியின் கணவர் பாபு ராஜசந்திர தாஸின் பெயரைத் தாங்கியது. தடித்த கிரேக்கத் தூண்களுக்கு அடியில் இன்றும் நீராடலும் திவசமும் நடக்கின்றன. தெற்கே பிரின்செப் காட், பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப்பின் நினைவாக எழுந்தது. இந்த இரண்டுக்கும் இடையே கரையோர நடைபாதை 2012-இல் சீரமைக்கப்பட்டது. சாயங்காலம் அந்த நடைபாதையில் நாற்காலியோடு போவது உண்மையிலேயே இன்பம். தரை மட்டம், விளக்கு வெளிச்சம், காரப்பொரி விற்கும் ஜால்முரிக் கடை, தலைக்கு மேல் வித்யாசாகர் சேது. ஆனால் தண்ணீரில் கை நனைக்க வேண்டுமென்றால் பாசி படிந்த படிகள்தான். இரு நூற்றாண்டு பழமையான படிகளை இடிக்கச் சொல்ல மாட்டேன். அவற்றின் பக்கத்தில் ஒரே ஒரு துறையிலாவது சரிவாக ஒரு பாதை இறங்கினால் மூட்டு தேய்ந்த எத்தனை பாட்டிகள் கங்கையின் கிளையான இந்த ஆற்றைத் தொடுவார்கள்! துர்கையைக் கரைக்க வரும் நாளில் மட்டும் எல்லா வயதினரும் இந்தப் படிகளின் தலைப்பில் நின்று எட்டிப் பார்ப்பதை நினைத்துக்கொண்டேன்.

வங்காளிகள் விடுமுறைக்குப் போகும் ஊர்களைச் சேர்த்து "தி-பு-தா" என்பார்கள்: திகா, பூரி, டார்ஜிலிங். மூன்றில் இரண்டு கடற்கரை. கடல் இல்லாத நகரத்துக்காரர்களின் ஏக்கம் அதிலேயே தெரிகிறது. திகா கொல்கத்தாவிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். பதினெட்டாம் நூற்றாண்டில் வாரன் ஹேஸ்டிங்ஸ் இந்தக் கரையைக் கிழக்கின் பிரைட்டன் என்று புகழ்ந்ததாகச் சொல்வார்கள். 1920-களில் ஜான் பிராங்க் ஸ்னைத் என்ற ஆங்கில வணிகர் இங்கே வீடு கட்டிக் குடியேறினார். சுதந்திரத்துக்குப் பிறகு முதலமைச்சர் பிதான் சந்திர ராயிடம் இதைச் சுற்றுலாத் தலமாக்கச் சொல்லி வற்புறுத்தியவரும் அவர்தான். இப்போது ஹவுராவிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று ஜெகந்நாதர் கோயிலும் திறக்கப்பட்டுவிட்டதால் கூட்டம் சொல்லி மாளாது.

பழைய திகாவில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே கல் கட்டிய அணை. கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டது, அது இல்லாமல் ஊர் நிற்காது. தண்ணீர் ஏறும் நேரத்தில் அலை அணையில் மோதி மேலே தெறிக்கும், கீழே மணலே தெரியாது. வற்றும் நேரத்தில் மணல் வெகுதூரம் விரிகிறது. அந்த மணலை நான் கையில் அள்ளிப் பார்த்தேன். மெரினாவின் கால் புதையும் மணலைப் போல இல்லை. மாவு போல நுண்ணிய, நெருக்கமாகப் படிந்த, ஈரத்தில் இறுகிய மணல். செருப்புத் தடமே ஆழமாகப் பதியவில்லை. இந்த மணலில் நாற்காலி ஓடும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் நாங்கள் நின்ற இடத்தில் அணையின் மேலிருந்து மணலுக்குப் போகப் படிகளும் பாறைகளும் மட்டுமே. அக்கா மேலேயே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கடலைப் பார்த்தாள். அவளைக் கடந்து ஆயிரம் பேர் இறங்கி, நனைந்து, ஏறி வந்தார்கள்.

"மணல் ஓடவிடும்டா. இந்தப் படிதான் விடல" என்றாள்.

அவள் சொன்னது சரியா என்று மந்தார்மணியில் பார்த்துவிட்டோம். திகாவுக்குக் கிழக்கே இருக்கும் இந்தக் கடற்கரை பதின்மூன்று கிலோமீட்டர் நீளம். காரையே ஓட்டிப் போகும் அளவுக்கு இறுகிய மணல் என்று பெயர் வாங்கியது. விபத்துகள் நடந்ததால் பிறகு கட்டுப்பாடு வந்தது. சாலை அங்கே படி ஏதும் இல்லாமல் அப்படியே மணலில் போய் முடிகிறது. முதல் சில அடி உலர்ந்த மணல். சாதாரண நாற்காலியின் முன்சக்கரங்கள் உள்ளங்கை அளவுதான், அவற்றின் மேல் விழும் பாரம் சிறிய பரப்பில் குவிவதால் உலர்மணலில் உடனே புதைந்துவிடும். அதற்கு அக்கா எனக்கு எப்போதோ கற்றுக்கொடுத்த வழி, நாற்காலியைத் திருப்பிப் பின்சக்கரங்களில் சாய்த்து பின்னோக்கி இழுப்பது. ஈரமணல் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். கையுறையை மாட்டிக்கொண்டாள். பிறகு அவளே தள்ளினாள். முன்னால் போகப் போக சிவப்பு நண்டுகள் வளைக்குள் மறைந்தன. அவள் நின்றதும் ஒன்றிரண்டாக வெளியே வந்தன. தண்ணீர் ஓரத்தில் பிரேக்கைப் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அலை வந்து கணுக்காலை நனைத்தது. அடுத்தது முழங்கால் வரைக்கும். அவள் திரும்பிப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் போய் நில்லுடா" என்றாள். போய் நின்றேன்.

அறைக்குத் திரும்பியதும் நாற்காலியை நல்ல தண்ணீரில் கழுவி, சக்கரத்தின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட வேண்டும். உப்பு விடாது. கடற்கரைக்கு நாற்காலியோடு போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

மந்தார்மணியில் இன்னொன்றும் மனத்தை உறுத்தியது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறிக் கட்டியவை என்று இங்குள்ள விடுதிகளை இடிக்க 2022-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2024 நவம்பரில் மாவட்ட நிர்வாகம் சுமார் 140 விடுதிகளுக்குக் கெடு விதித்தது. மாநில முதலமைச்சர் எதிர்த்தார், வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வந்தது. விடுதிகளில் வேலை பார்ப்பவர்களின் பிழைப்பு எனக்கும் கவலைதான். ஆனால் மணல்மேட்டில் கான்கிரீட் கட்டடம் இத்தனை எழ முடிந்த கரையில், ஒரு மரப்பலகைப் பாதைக்கு மட்டும் சட்டம் இடம் கொடுக்காது என்று யாரும் சொல்ல முடியாது. இடம் கொடுக்கும். அதற்குச் சென்னையே அத்தாட்சி.

மெரினாவில் மணல் அகலம், கால் புதையும் மணல், நாற்காலிக்கு மிக மோசமான தரை. 2022-க்கு முன்பு டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு எடுத்துவிடுவார்கள். வருடத்தில் சில நாள் மட்டும் கடல் பார்க்கும் உரிமை! மாற்றுத்திறனாளிகள் உரிமை அமைப்புகள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் நிரந்தரப் பாதை வந்தது. 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி ரூபாய். கடலோர அனுமதி பெற்று, கான்கிரீட் இல்லாமல் மரத்தால் கட்டியது. அந்தப் பாதை இருப்பது விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே. கொல்கத்தாவில் பிறந்து, 1897-இல் மேலைநாட்டிலிருந்து திரும்பிய கையோடு சென்னையில் அவர் தங்கிய வீடு அது. அவருடைய ஊர்க்காரர்களுக்கு இந்தப் பாதையை முன்மாதிரியாகக் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

மெரினாவில் எல்லாம் சரியாக நடந்துவிடவும் இல்லை. திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. அதற்கு முன்பே, புதுப்பாதையைப் பார்க்க வந்த கூட்டத்தால் நாற்காலியில் வந்தவர்களுக்கு இடமில்லாமல் போனது. ஆனால் புயலில் போனதைப் பழுது பார்த்து மீண்டும் திறந்தார்கள், பிறகு பெசன்ட் நகரிலும் ஒரு பாதை போட்டார்கள். பராமரிப்பையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும் என்பது இதில் கிடைத்த பாடம். புயல் வரும் என்று சொல்லிக் கட்டாமல் இருப்பது பாடம் அல்ல.

இப்போது திகாவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சரிவுப் பாதைக்குப் பரவலாக ஒப்புக்கொண்ட அளவு, ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். அணை பத்தடி உயரம் என்றே வைத்துக்கொள்வோம். நூற்றிருபது அடிச் சரிவு, நடுவே மூச்சுவிடச் சில மட்டமான திட்டுகள். அவ்வளவுதான். மெரினாவில் தேவைப்பட்டது எண்ணூற்று அறுபது அடிக்கு மேல். திகாவில் கடலே பாதிப் பாதையை மணலால் போட்டுக் கொடுத்திருக்கிறது. தண்ணீர் ஏறி வற்றும் நேரத்தைக் கரையில் ஒரு பலகையில் எழுதி வைத்தால், பலூன் போன்ற பெரிய சக்கரங்கள் கொண்ட கடற்கரை நாற்காலிகள் நாலைந்து வாங்கி நிறுத்தினால், நாற்காலி நுழையும் ஒரு கழிப்பறை கட்டினால் வேலை முடிந்தது. கழிப்பறை இல்லை என்பதாலேயே தண்ணீர் குடிக்காமல் பயணம் செய்யும் பெண்களை எனக்குத் தெரியும், என் அக்கா உட்பட.

வெளிநாட்டில் இதைவிடவும் முன்னே போய்விட்டார்கள். கிரீஸில் சூரிய ஒளியில் இயங்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. கரையிலிருந்து நீருக்குள் தண்டவாளம் போல ஒன்று இறங்குகிறது, அதில் இருக்கை. ஒரு பொத்தானை அழுத்தினால் யார் உதவியும் இல்லாமல் கடலுக்குள் போய் நீந்திவிட்டுத் திரும்பலாம். இருநூறுக்கும் மேற்பட்ட கடற்கரைகளில் இருக்கிறது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தி-பு-தாவில் நடுவில் இருக்கும் பூரியின் கோல்டன் பீச் 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. மாற்றுத்திறனாளிகள் வந்து போக வழி செய்வதும் அந்தச் சான்றுக்கான நிபந்தனைகளில் ஒன்று. தமிழ்நாட்டின் கோவளம் 2021-இல் வாங்கியது. 2022-இல் இந்தியாவில் அப்படிப் பன்னிரண்டு கடற்கரைகள் இருந்தன, வங்கத்துக் கரை ஒன்றும் அதில் இல்லை.

கொல்கத்தாவுக்கு இது புரியாத விஷயமா என்றால், நாட்டுக்கே புரியவைத்த ஊர் அது. ஜீஜா கோஷ் கொல்கத்தாவைச் சேர்ந்த செயற்பாட்டாளர், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். 2012 பிப்ரவரியில் மாநாட்டுக்காகக் கோவா போக விமானத்தில் ஏறி உட்கார்ந்தவரை, அவர் உடல்நிலையைக் காரணம் காட்டி இறக்கிவிட்டார்கள். அவர் விடவில்லை. 2016 மே 12 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்குப் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளிகளின் பயண உரிமை பற்றிப் பேசும் யாரும் அந்தத் தீர்ப்பைச் சொல்லாமல் இருக்க முடியாது. அதே வருடம் டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. பொது இடங்களில் தடையற்ற அணுகல் அதில் உரிமை. ஆனால் அதற்கான விதி வெறும் பரிந்துரையாகவே நின்றது. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று சொல்லி, கட்டாயமான தர அளவுகளை வகுக்க அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. சட்டப் பக்கம் இனி சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மேற்கு வங்கத்தில் மாற்றுத்திறனாளிகள் இருபது லட்சத்துக்கும் மேல். இவர்களோடு முட்டி தேய்ந்தவர்கள், பக்கவாதம் வந்து மீண்டவர்கள், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்திருக்கும் தாய்மார்கள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு கடலில் கலக்கும் தலமான கங்காசாகரில் வருடா வருடம் தை முதல் நாளில் கூடும் லட்சக்கணக்கானவர்களில் பாதிப் பேர் முதியவர்கள் போலத்தான் தெரியும். அவர்கள் முரிகங்கா ஆற்றைப் படகில் கடந்து, தண்ணீர் வற்றினால் மணிக்கணக்கில் காத்திருந்து சாகர் தீவு சேர்கிறார்கள். ஏறும் துறையும் இறங்கும் துறையும் அவர்களுக்காகவே வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டாமா?

கொல்கத்தா பேருந்து நடத்துநர்களுக்கு ஒரு பழைய குரல் உண்டு. பெண்கள் இறங்கும்போது ஓட்டுநரைப் பார்த்து, மெதுவாகப் போ, இடுப்பில் குழந்தை இருக்கிறது என்று கத்துவார்கள். குழந்தை இருக்கிறதோ இல்லையோ, அந்தக் குரல் கேட்டால் வண்டி நிதானிக்கும். மெதுவாக ஏறி இறங்குகிறவருக்காக மொத்த வண்டியையும் நிறுத்தி வைக்கும் பழக்கம் இருக்கும் ஊர் இது. அந்தக் குணத்தைச் சிமெண்டிலும் மரப்பலகையிலும் எழுதி வைக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

திகாவுக்கோ பூரிக்கோ போகும் தமிழர்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். கொல்கத்தாவில் வேலையாக இருப்பவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் நாற்காலியிலோ கைத்தடியிலோ இருக்கும் பெரியவரைச் சிரமம் என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். கடற்கரையில் தண்ணீர் வற்றும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கூட்டிப் போங்கள். படி தடுத்தால் அந்த இடத்தைப் படமெடுத்து, திகா–சங்கர்பூர் வளர்ச்சி ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், மெரினா பாதையின் அளவையும் செலவையும் அதில் குறிப்பிடுங்கள். மெரினாவில் மரப்பாதை வந்தது, அப்படி எழுதியவர்களும் கேட்டவர்களும் பல வருடம் ஓயாமல் இருந்ததால்.